மாமனார் பீருக்கு நான் போட்ட மாலை

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை, சும்மா இருக்கத் தெரியாதவன் பொறுப்பில் விட்டுவிட்டு யாரும் ஊருக்குப் போகக் கூடாது. கெட்டுப்போன இயந்திரம் என்றால் பரவாயில்லை. அவன் பாட்டுக்கு நோண்டிக்கொண்டிருப்பான். ஓடுகிற இயந்திரம்தான் ஆபத்து. கிள்ளான் பட்டறையில் என்னோடு ஏர்கான், அதாவது ஏசி, ரிப்பேர் பார்த்த சாமி அண்ணன் என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்வார்: "இவன் கை ரெண்டும் தூங்கவே தூங்காது லா. படுத்தாகூட தலகாணிய கழட்டி மாட்டுவான்." (பொய். ஒரே ஒரு தடவைதான் கழற்றினேன். பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது.)

தொண்ணூறுகளில் நான் வதனியைக் கல்யாணம் செய்துகொள்ளத் தவித்துக்கொண்டிருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் வீடு. யாழ்ப்பாணக் குடும்பம். அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சுவர் முழுக்கப் பட்டமளிப்புப் படங்கள். நானோ பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு ஸ்குரூடிரைவரைப் பிடித்தவன். பெண் கேட்டதற்கு அவள் அப்பா, அதாவது அங்கிள், ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாப்பம்" என்றார். அந்தச் சொல்லில் மாதக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

அங்கிளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. மெல்பர்னில் இருக்கும் தம்பி சொல்லிக்கொடுத்து, வீட்டிலேயே பீர் காய்ச்சுவார். சமையலறைக்குப் பின்னால் ஸ்டோர் ரூமில் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பீப்பாய். நம் ஊர் வெயிலில் அது புளிக்கிற வேகத்துக்கு வெடித்துவிடும் என்பதால், அதைக் குளிர வைக்கத் தானே ஒரு சில்லர் செய்திருந்தார். பழைய ஜன்னல் ஏர்கானைப் பிரித்து, அதன் குளிர்க்குழாயை ஓர் ஐஸ் பெட்டிக்குள் இறக்கியிருந்தார். பெட்டியில் தண்ணீரும் கிளைக்காலும். கிளைக்கால் என்பது தண்ணீர் உறைந்துபோகாமல் இருக்கக் கலக்கும் பிசுபிசுப்பான திரவம். ஸ்ரீ கெம்பாங்கானில் சாப்பாட்டுத் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு விற்கும் கடையில் வாங்குவார். மீன் தொட்டி பம்பு ஒன்று அந்தக் குளிர்ந்த கலவையைப் பீப்பாய்க்குள் இருக்கும் செம்புக்குழாய்க்கு அனுப்பி, சுற்றித் திரும்பக் கொண்டுவரும். அவ்வளவுதான். சத்தம் மட்டும் ரயில் போகிற மாதிரி.

சிங்கப்பூரில் தங்கை வீட்டுக்குப் புறப்பட்ட அன்று அங்கிள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஏர்கான் வேலை தெரியும் எண்டு சொன்னீர். பின்னேரத்தில வந்து இந்த வெப்பமானியை மட்டும் பாரும். பன்னிரண்டில நிக்க வேணும். வேற ஒண்டும் செய்ய வேண்டாம்."

"சரி அங்கிள்."

"ஒண்டும் எண்டா, ஒண்டும்தான். நான் வந்து இந்த பீரைக் குடிச்சுப் பாத்திட்டு மற்றக் கதையைக் கதைப்பம்."

மற்றக் கதை என்றால் என் கதை. ஆக, என் வாழ்க்கை அந்தப் பீப்பாய்க்குள் புளித்துக்கொண்டிருந்தது.

தினமும் வேலை முடிந்து கிள்ளானிலிருந்து ஓடுவேன். பன்னிரண்டு. உட்காருவேன், எழுந்து பார்ப்பேன். பன்னிரண்டு. வெப்பமானியைத் தட்டிப் பார்ப்பேன். அப்போதும் பன்னிரண்டு. உள்ளங்கை அரித்தது. பெட்டியில் மட்டம் கொஞ்சம் குறைந்த மாதிரித் தெரியவே, ஒரு கெட்டில் பச்சைத் தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். (ஊற்ற வேண்டியது கிளைக்கால் கலவை. தெரியும். தண்ணீர்தான் பக்கத்தில் இருந்தது.)

அதற்குள் ஆயுத பூசை வந்தது. பட்டறையில் எங்களுக்குத் தீபாவளியைவிடப் பெரிய நாள். காலையிலேயே சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலையோடு போய் நின்றேன். சில்லரை நிறுத்தி, துடைத்து, பொட்டு வைத்தேன்.

"என்ன தம்பி செய்யிறீர்?" என்றார் ஆன்டி, வதனியின் அம்மா.

"ஆயுத பூசை ஆன்டி. மெஷினுக்கு இன்னைக்கு லீவு. எங்க பட்டறைல லோரிக்குக்கூட மாலை போடுவோம்."

"நாங்கள் புத்தகம்தான் வைக்கிறனாங்கள்."

வதனி கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "அப்பா ஒண்டும் செய்ய வேண்டாம் எண்டுதானே சொன்னவர்?"

"சாமி கும்பிடறது செய்யறதுல சேராது."

வடை, பாயசம், பேச்சு என்று மத்தியானம் ஆகிவிட்டது. பிறகுதான் சுவிட்சைப் போட்டேன். மாலையைக் கழற்றவில்லை, பூசை மாலையை அன்றைக்கே கழற்றுவது எங்கள் பட்டறையில் வழக்கமில்லை. துடைப்பதற்காகத் திறந்த ஐஸ் பெட்டியின் மூடி என்ன ஆனது என்பதையும் யோசிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் போனால் வெப்பமானி இருபத்தேழு காட்டியது.

முதலில் கேஸ் இறங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். குழாயைத் தொட்டால் சில்லென்று இருந்தது. சரி, குளிர் போதவில்லை என்று தெர்மோஸ்டாட்டைக் கடைசிவரை திருகினேன். சற்று நேரத்தில் குளிர்க்குழாயைச் சுற்றி வெள்ளையாக ஐஸ் கட்டியது. கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து ஐஸ் மேல் ஊற்றினேன். பம்பை மட்டும் பார்க்கவில்லை. மீன் கடையில் வாங்கிய பம்பைப் பார்ப்பது ஏர்கான்காரனின் கௌரவத்துக்குக் குறைவு என்று நினைத்தேன் போலிருக்கிறது.

கடைசியில் வேறு வழியில்லாமல் ரப்பர் குழாயைப் பிடுங்கி வாய் வைத்து ஊதினேன். அடைத்திருந்தது. இன்னும் பலமாக ஊதினேன். உள்ளேயிருந்தது என் முகத்துக்கே திரும்பி வந்தது. (நல்லவேளை, விஷமில்லாத ரகம்.) கண்ணாடியில் பார்த்தால் கன்னமெல்லாம் செவ்வந்தி இதழ். ஏர்கானின் விசிறி, மாலையை உதிர்த்துத் திறந்த பெட்டிக்குள் தள்ளியிருக்கிறது. அத்தனையையும் பம்பு விழுங்கிவிட்டு மூச்சுத் திணறி நிற்கிறது.

அப்போது பீப்பாய் விசில் அடித்தது. சூட்டில் பீர் வெறிபிடித்துப் பொங்கி, காற்றுப் போகும் துளையை நுரையே அடைத்துவிட்டது. மூடி மெல்ல எழும்பியது. கையால் அமுக்கினேன். முழங்கையால் அமுக்கினேன். பிறகு ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அங்கிள் பயணப் பெட்டியோடு உள்ளே வந்தார்.

பெரியவர் வருகிறார், மாமனார் ஆகப்போகிறவர் வேறு. உட்கார்ந்தபடியே இருக்க முடியுமா? மரியாதையாக எழுந்து நின்றேன்.

மூடி விட்டத்தில் மோதியது. நுரை சுவர், மேற்கூரை, அங்கிளின் சட்டை எல்லாவற்றுக்கும் சமமாகக் கிடைத்தது. அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஏர்கானில் மிச்சமிருந்த மாலை நாரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, செத்த பிறகுதானே மாலை போடுறது? நீர் முதலே போட்டிட்டீர்."

நான் கிள்ளானுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். வதனி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. ஆன்டிதான் முன்னால் வந்தார்.

"இஞ்சருங்கோ. ரெண்டு வருசமா இந்த இரைச்சலோட சமைக்கிறன். நேற்றுக் காலமைதான் இந்த வீட்டில பல்லி சொல்லுறது என்ர காதில விழுந்தது. எனக்கு இந்த மருமகனே காணும், வேற ஒருத்தரும் வேண்டாம்."

அங்கிள் பீப்பாய்ப் பக்கம் குனிந்தார். பீப்பாயின் அடியில் தங்கியதை ஒரு தம்ளரில் எடுத்து முகர்ந்தார். "வாழைப்பழம் மணக்குது" என்றார். ஒரு வாய் குடித்தார். யோசித்துவிட்டு இன்னொரு வாய்.

"சரி," என்றார். "நாள் பாப்பம்."

இப்போது எங்கள் வீட்டில் ஆயுத பூசைக்குப் புத்தகம் மட்டும்தான். ஆனால் மற்றவர்கள் சாமி கும்பிடுமுன் வதனி என்னை நாற்காலியில் உட்கார வைத்து, என் இரண்டு கையிலும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துவிடுகிறாள். "இண்டைக்கு இதுகளுக்கும் லீவு" என்கிறாள். பிள்ளைகள் வரிசையாக வந்து என் கைகளைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கான வடையைப் பெரியவள்தான் ஊட்டுகிறாள்.