தாலிக்கு ஒரு ரீடேக்

இருபத்திரண்டு வயதில் என்னிடம் ஒரு கமராவும் கொஞ்சம் சினிமா அறிவும் இருந்தன. கமரா நண்பனிடம் வாங்கிய இரவல். அறிவும் இரவல்தான்.

கல்லூரியில் ஹொலிவுட்டின் ஆரம்பகால வரலாறு என்றொரு வகுப்புக்கு ஆள் போதாமல் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பேசாப் படக் காலத்து டைரக்டர்களின் கதைகளைக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடித்தது. ஒருவர் சரியான மேகம் வரும்வரை மூன்று நாள் படப்பிடிப்பை நிறுத்திவைத்தாராம். இன்னொருவர் ஆயிரம் பேரைப் பாலைவனத்தில் நடக்கவிட்டு, ரோமானியச் சிப்பாய் ஒருவன் கையில் கடிகாரம் கட்டியிருந்ததைக் கண்டு, அத்தனை பேரையும் திரும்ப நடக்கவைத்தாராம். முழங்கால்வரை சப்பாத்து, கையில் ஒலிபெருக்கி, வாயில் ஒரே சொல்: கட்! (இதில் பாதி கட்டுக்கதை என்று பேராசிரியர் எச்சரித்தார். அந்தப் பாதியைத்தான் நான் முழுதாக நம்பினேன்.)

அந்த ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம். வீடியோ எடுக்க ரொறன்ரோவிலிருந்து ஆள் பேசப் போனார்கள். நான் மறித்தேன். அக்கா அரை மனதோடு சம்மதித்தாள்.

"கலியாணத்தை வீடியோ எடு. கலியாணத்தைப் படமாக்கிப் போடாத, என்ன?"

பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தின் ஓரத்தில், பியர்பொன்ட்ஸில் மண்டபம். பட்டு வேட்டிக்குக் கீழே பனிச்சப்பாத்தோடு போய் இறங்கினேன். வாசலில் சித்தப்பா மறித்தார். துறைமுகப் பக்கம் ஒரு சரக்குக் கிட்டங்கியில் மேற்பார்வையாளர் அவர். என் கையிலிருந்த ஒலிபெருக்கி அவருடையது.

"என்னடா கோலம் இது? வெயிலுக்கை ஸ்னோ பூட்ஸ்?"

"அந்தக் காலத்து டைரக்டர்மார் இப்பிடித்தான் சித்தப்பா போட்டவை. பாம்பு கடிக்காமல்."

"பியர்பொன்ட்ஸில பாம்போ?"

நான் ஒலிபெருக்கியோடு உள்ளே ஓடினேன். தோழிமாரை மூன்று தரம் நடக்கவிட்டேன். ஐயர் அக்கினி வளர்த்தபோது, "ஐயா, இன்னும் கொஞ்சம் புகை" என்று கேட்டேன். மண்டபத்துக்காரர் ஓடிவந்து, கூரையிலிருந்த புகைமணியைக் காட்டி பிரெஞ்சில் கெஞ்சினார். "மெர்சி" என்று நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன்.

நல்ல நேரம் முடிய ஏழு நிமிடம். ஐயர் கையை உயர்த்தினார். கெட்டிமேளம் முழங்கியது. அத்தான் தாலிக்கொடியை அக்காவின் கழுத்தில் வைத்துப் பின்பக்கத் திருகைப் பூட்டத் தொடங்கினார். (எங்கள் ஆட்களின் தாலிக்கொடிக்கு முடிச்சு இல்லை, திருகுதான்.)

அப்போதுதான் கமராவுக்குள் அதைக் கண்டேன். மணவறைப் படியில், நிறைகுடத்துக்குப் பக்கத்தில், யாரோ வைத்துவிட்டுப் போன காகிதக் கோப்பிக் கப். ரோமானியச் சிப்பாயின் கைக்கடிகாரம்!

நான் யோசிக்கவேயில்லை.

"கட்!"

லொறிகளை மறிக்கவென்று செய்த ஒலிபெருக்கி அது. தவில் நின்றது. நாதஸ்வரம் கீச்சிட்டு அடங்கியது. அட்சதைக் கைகள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. ஐயர் மந்திரத்தை விழுங்கினார். அத்தான் திடுக்கிட்டதில் திருகு நழுவி, தாலிக்கொடி அக்காவின் மடியில் விழுந்தது.

அப்படியொரு அமைதியை நான் பேசாப் படத்தில்கூடக் கண்டதில்லை. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. தாலி விழுந்தால் எங்கள் சனம் என்ன நினைக்கும் என்று எனக்கும் தெரியும். சப்பாத்துக்குள் கால் வேர்த்து ஒழுகியது.

முன்வரிசையில் சித்தப்பா எழும்பினார்.

"ஏன் எல்லாரும் முழுசிறியள்? பெடியன் 'கட்டு' எண்டெல்லோ சொன்னவன்! கட்டு தம்பி, கட்டு!"

ஐயர் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஓம் ஓம், கட்டத்தான் சொன்னவர்! நேரமிருக்கு, கட்டுங்கோ!"

முதலில் சிரித்தது அக்காதான். அவள் தோள் குலுங்கியதில் அத்தானுக்குத் திருகு பிடிபடவில்லை.

"கொஞ்சம் ஆடாமல் இருமப்பா!" என்று கெஞ்சினார். (அவர் அக்காவுக்கு இட்ட முதல் கட்டளை. இன்றுவரை நிறைவேறவில்லை.)

அதற்குள் மண்டபம் முழுவதும் சிரிப்பு. தவில்காரர் சிரித்துச் சிரித்தே மறுபடி கெட்டிமேளம் அடித்தார். ஒரு நிமிடம் மிச்சமிருக்கத் தாலி ஏறியது. அட்சதை பொழிந்தது. பாதி என் தலையில் விழுந்தது, சற்று வேகமாக.

அன்று பின்னேரம்தான் இன்னொன்று தெரிந்தது. 'கட்' என்று கத்தியபோதே முறைப்படி கமராவையும் நிறுத்தியிருக்கிறேன். சாப்பாட்டுப் பந்திவரை திரும்ப முடுக்க மறந்துபோனேன். வீடியோவில் அத்தான் திருகத் தொடங்குகிறார், என் குரல் இடிக்கிறது, பிறகு ஒரே இருட்டு. அடுத்த காட்சியில் எல்லாரும் சோறு சாப்பிடுகிறார்கள்.

பதினொரு வருடமாகிவிட்டது. வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் அத்தான், "வேணுமெண்டால் வீடியோவைப் போட்டுப் பாரும், நான் இன்னும் தாலி கட்டேல்லை" என்பார். அக்கா உடனே எனக்குப் போன் எடுப்பாள்.

"டேய் டைரக்டர், இந்த மனுசனுக்கு ஒருக்கால் சொல்லு."

வேலையிடத்தில் யார் பக்கத்தில் நின்றாலும், எழும்பி, உரக்க, "கட்!" என்கிறேன். மறுமுனையில் இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.