லேப்டாப்பில் கெட்டி மேளம்

நாலு வீடியோ பார்த்து ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டவர்களுக்கு இருக்கும் தைரியம், அதை முறையாகப் படித்தவர்களுக்கு இருக்காது. என் தம்பி முரளியின் கல்யாணத்தின்போது எனக்கு அந்தத் தைரியம் தலைக்கேறியிருந்தது.

சென்னையிலிருந்து வர வேண்டிய நாதஸ்வரக் கோஷ்டி கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது. முகூர்த்த நாள், செகந்திராபாத் முழுக்கத் தேடியும் மேளம் கிடைக்கவில்லை. "கவலைப்படாதீங்க மாமா, என் லேப்டாப்ல சின்தசைசர் இருக்கு, நான் வாசிச்சிடறேன்" என்று மணப்பெண் வைஷ்ணவியின் அப்பாவிடம் சொன்னேன். (யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.) ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று அல்வாலில் வீடு கட்டிய மனிதர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஹவ்" என்றார். எங்கள் செகந்திராபாத் பேச்சில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

பிறகுதான் உறைத்தது. மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட வேண்டும், அந்த நாத்தனார் நான். கெட்டி மேளம் உச்சத்தில் இருக்கும்போது என் இரண்டு கைகளும் வைஷ்ணவியின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும். தாலி ஏறும் நேரத்தில் ஒரு தும்மலோ அபசகுனப் பேச்சோ காதில் விழக்கூடாது என்பதற்குத்தானே கெட்டி மேளம்!

அதற்கும் வழி இருந்தது. சின்தசைசரில் நம் கைக்குப் பதிலாகக் குமிழைத் திருகுவதற்கென்றே சில ஆசாமிகள் உண்டு, மாடுலேஷன் என்று பெயர். என்வலப் என்பவர் சத்தத்தை ஏற்றிவிட்டு, நாம் அமுக்கிய கட்டையை விடும்வரை அங்கேயே பிடித்துக்கொண்டிருப்பார். எல்எஃப்ஓ என்பவர் ஏற்றுவார், இறக்குவார், மறுபடி ஏற்றுவார், ஓயவே மாட்டார். இதில் யாரை மேளத்தின் சத்தத்தோடு இணைத்தேன் என்பதில் எனக்கு அன்றைக்கே குழப்பம். மெட்டுகுடாவில் எங்கள் வீட்டில் சோதித்தபோது சத்தம் கம்பீரமாக ஏறியது. அதற்குள் குக்கர் விசிலடித்தது. சரியாகத்தான் இருக்கிறது என்று மூடிவிட்டேன்.

கட்டையை அமுக்கும் பொறுப்பு என் கணவர் சுந்தருக்கு.

"அமுக்கினா விடவே கூடாது, புரியுதா?"

"ஒரு கட்டைதானே? கைக்கு இவ்ளோ டென்ஷன்?" என்றார். (இந்த 'கைக்கு' என்றால் 'எதுக்கு'.)

மண்டபத்தில் லேப்டாப்பின் ஸ்பீக்கருக்கு எதிரே ஒரு மைக்கை வைத்தோம். சாஸ்திரிகள் விரலை உயர்த்தி "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்றார். சுந்தர் அமுக்கினார். மேளம் ஏறியது. எனக்கே புல்லரித்தது. முரளி முதல் முடிச்சைப் போட்டான், இரண்டாவதையும் போட்டான். நான் குனிந்து கயிற்றைத் தொட்ட நேரம் பார்த்து மேளம் மெல்ல மெல்ல இறங்கி, அடங்கியே போயிற்று. அப்போதுதான், மைக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்த என் கணவர், பதறிப்போய், தெள்ளத்தெளிவாக அலறினார்:

"ஐயோ போச்சு! எல்லாம் போச்சு! செத்தோம்!"

எந்த மாதிரிப் பேச்சு காதில் விழக்கூடாது என்று மேளம் வைக்கிறார்களோ, அதில் ஒன்று விடாமல் மனிதர் சொல்லி முடித்துவிட்டார். சாஸ்திரிகளின் விரல் உயர்ந்தபடியே நின்றது. என் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கயிறு எது, விரல் எது என்று தெரியவில்லை. வைஷ்ணவியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள், தம்பி வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. குனிந்து பார்த்தால், அவள் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

"டென்ஷன் நக்கோ அக்கா, முடிச்சு போடுங்க" என்றாள். ('நக்கோ' என்றால் 'வேண்டாம்'.)

அவள் அப்பா ஒரு தாம்பாளத்தைப் பிடுங்கிக் கரண்டியால் ஓங்கி அடித்தார். "எல்லாரும் தட்டுங்க!" என்ற அவர் குரலுக்கு, மண்டபமே கிடைத்ததை எடுத்துத் தட்டியது. அந்தச் சத்தத்தில் முடிச்சைப் போட்டேன். எல்லோரும் தட்டி ஓய்ந்து உட்கார்ந்ததும், லேப்டாப் மேளம் கம்பீரமாக மறுபடி ஏறியது. சுந்தர் இன்னும் கட்டையை விடவில்லை.

முரளியும் வைஷ்ணவியும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் இன்றுவரை எங்கள் வீட்டு எந்தக் கல்யாணத்திலும் சாஸ்திரிகள் விரலைத் தூக்குவதற்கு முன்னால் வைஷ்ணவியைத் திரும்பிப் பார்ப்பார். அவள் ஒரு முழு லட்டை என் கணவர் வாயில் திணித்துவிட்டுத் தலையாட்டிய பிறகுதான் தாலி ஏறும்.