எரியாத அடுப்பும் எங்கள் 'அப்படியா'வும்

ரங்கூனில் கடவுளே நேரில் வந்து நின்றிருந்தாலும் "இதுக்கு முன்னாடி எங்கே குடியிருந்தீங்க?" என்று கேட்டிருக்கக்கூடிய ஒரே மனிதர், வருமான வரி ஆபீசில் எனக்கு மேலே இருந்த இன்ஸ்பெக்டர்தான். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். யாருக்கும் அது தேவைப்படவில்லை. எதைச் சொன்னாலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு "அப்படியா?" என்பார். அதனால் ஆபீஸ் முழுக்க அவர் 'அப்படியா'.

"சார், மழை பெய்யுது" என்றால் "அப்படியா?" என்று ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவார். கை நனைந்த பிறகும், மாடியிலிருந்து யாராவது தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று அண்ணாந்து பார்ப்பார். ஒரு தடவை நான் காய்ச்சல் என்று லீவு எழுதி அனுப்பினேன். மனுஷன் பசுண்டான் பேட்டையில் இருந்த என் அறைக்கே வந்துவிட்டார்! நெற்றியைத் தொட்டார், நாக்கை நீட்டச் சொன்னார். "நிஜக் காய்ச்சல்தான்" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொல்லிவிட்டு, பையிலிருந்து நாலு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து வைத்துவிட்டுப் போனார். பொய்க் காய்ச்சலாக இருந்திருந்தால் பழத்தைத் திருப்பி எடுத்துப் போயிருப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஒரு நாள், தகரப் பெட்டிக் கடை முத்தையா மனைவியோடு வந்து இரண்டு வருமான வரிப் பாரங்களைக் கொண்டுவந்து நீட்டினார். ஒன்றில் அவர் பெயர், மற்றதில் மனைவி மா மியாவின் பெயர். ஊருக்குக் கப்பலேறுகிறவர்கள் அவர் கடையில்தான் பெட்டி வாங்குவார்கள். அவர் தகரம் அடிப்பார், அந்தப் பர்மாக்கார அம்மாள் பேரம் பேசி விற்பாள். முத்தையா பௌத்தராகி, பர்மிய வழக்கப்படி அவளோடு குடித்தனம் நடத்தியவர். அந்த வழக்கத்தில் தம்பதி சேர்ந்து சம்பாதித்ததில் மனைவிக்குச் சரிபாதி உண்டு. அதனால் ஆளுக்கொரு பாரம் கொடுத்தால் வரி குறையும் என்பது அவர் கணக்கு.

"அப்படியா? புருஷன் பெண்டாட்டிங்கறதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார் அப்படியா.

தாலியும் இல்லை, பத்திரமும் இல்லை. நாலு பேர் அறிய ஒன்றாக வாழ்ந்து, ஒன்றாகச் சாப்பிட்டால் பர்மாக்காரர்களிடத்தில் அதுவே கல்யாணம்.

"நாளைக்கு வீட்டுக்கு வந்து பாருங்க சார்!" என்று முத்தையா வீறாப்பாகச் சொல்லிவிட்டார்.

முத்தையா அந்தப் பக்கம் போனதும் மா மியா என் மேஜையருகே வந்தாள். புருஷனை அவள் பர்மிய மரியாதைப்படி 'கோ முத்து' என்றுதான் சொல்வாள். "தம்பி, அடுத்த கப்பல்ல கோ முத்துவோட அண்ணன் வர்றாரு. லெட்டர்ல என்னை வச்சுக்கிட்டவன்னு எழுதியிருக்காரு. பதினாறு வருஷம் தம்பி! பெண்டாட்டின்னு சர்க்கார் காகிதத்துல ஒரு வரி இருந்தா எனக்குப் போதும்" என்றாள்.

மறுநாள் மத்தியானம் போனோம். தனித்தனி பாரம் கொடுத்தால் வாழ்க்கையும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவானோ சொல்லிக்கொடுத்திருக்கிறான். கூடத்தின் நடுவே சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு அடுப்பு, இந்தப் பக்கம் ஒரு அடுப்பு. பானை இரண்டு, பாய் இரண்டு. முத்தையா ஒரு பக்கமும் மா மியா மறுபக்கமும் போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றார்கள்.

"எல்லாம் தனித்தனி சார். நான் அந்தப் பக்கம் கால்கூட வைக்கிறதில்லே!" என்றார் முத்தையா பெருமையாக.

"அப்படியா? சேர்ந்து வாழற தம்பதிக்குத்தானய்யா சரிபாதி. நீங்க பிரிஞ்சுட்டீங்கன்னா அவங்க பாரம் தள்ளுபடி."

மா மியாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன், கோடு போடாதேன்னு! கேட்டியா கோ முத்து?" என்று வெடித்து அழுதாள். முத்தையா பேந்தப் பேந்த விழித்தார்.

அப்படியா கண்ணைச் சுருக்கினார். மெதுவாகக் குனிந்து முத்தையாவின் அடுப்புக்குள் கையை விட்டார். கரி இல்லை, சாம்பல் இல்லை. கை சுத்தமாக வெளியே வந்தது. மா மியாவின் அடுப்பில் விட்டார். முழங்கை வரை கறுப்பு. பிறகு முத்தையாவின் பானையைக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து பானைக் கடைக்காரன் வைத்துக் கட்டிய வைக்கோல் விழுந்தது.

"கடை லைசென்ஸ் எங்கேய்யா?"

முத்தையா தன் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. "மியா, எங்கே வச்சே?" என்றார்.

"உன் தலையணை உறைக்குள்ளே" என்று விசும்பலோடு பதில் வந்தது, கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

அப்படியா நிமிர்ந்தார். "யாரைய்யா ஏமாத்தப் பாக்கறே? நீங்க பிரிஞ்சிருக்கீங்கன்னு சொன்னா நான் நம்பணுமா? சுத்தப் பொய்!" என்று இரைந்தார். அங்கேயே உட்கார்ந்து, கரிக்கையோடு அவள் பாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'நேரில் விசாரித்தேன். மா மியா, முத்தையாவின் மனைவி. பாதிக்கு உரியவள்.' நகல் ஒன்றும் எழுதி அவளிடம் கொடுத்தார்.

படிக்கத் தெரியாத மா மியா எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவினாள். "நிஜமாவே பெண்டாட்டின்னு போட்டிருக்கா சார்?"

"ஆமாம்மா. நானே பார்த்தேன்" என்றார் அவர்.

அண்ணன்காரர் கப்பலை விட்டு இறங்கி வந்த அன்று, அந்தக் கரிக்கறைக் காகிதம் கடை வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. படித்துவிட்டு, உள்ளே போய், மா மியா போட்ட சோற்றைச் சாப்பிட்டார்.

இப்போதெல்லாம் "சௌக்கியமா?" என்று கேட்பவர்களிடம் "சௌக்கியம்" என்கிறேன். உடனே நம்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படியா ஒருத்தர்தான் நம்பாமல், கையில் ஆரஞ்சோடு வந்து பார்த்தவர்.