மாமனாரின் டார்ச்

"மணிக்கட்டுல முடிச்சுப் போட்டுக் கட்டாதீங்க சார். எங்கயாவது சிக்கினா உடனே கழட்ட வரணும்," என்றார் முக்குளிப்புப் பயிற்சியாளர்.

"கழண்டு விழுந்துட்டா?"

"விழுந்தா விழட்டும்."

படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, மணிக்கட்டில் கட்டியிருந்த டார்ச்சைப் பார்த்தார். அது மாமனாருடைய டார்ச். தண்ணீருக்கடியிலும் எரியும். குடை, ஹெல்மெட், சாவிக்கொத்து என்று எதைக் கொண்டுபோனாலும் தொலைத்துவிட்டு வருவதில் பேரெடுத்தவர் மாப்பிள்ளை. பேனா கேட்டால்கூட மூடியைத் தன்னிடம் வைத்துக்கொண்டுதான் மாமனார் கொடுப்பார். அப்படிப்பட்டவர் நேற்று அவராகவே கூப்பிட்டு டார்ச்சை நீட்டியதும் மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. இதையும் தொலைத்தால் எந்த முகத்தோடு அந்த வீட்டு வாசலை மிதிப்பது?

முடிச்சை அவிழ்த்து, டார்ச்சின் கயிற்றை முக்குளிப்பு உடையின் மார்பு வளையத்தில் கொக்கியால் மாட்டினார். டார்ச் முழங்கால்வரை தொங்கியது. இறங்கும்போது அது ஏணியில் மாட்டிக்கொள்ள, பாதித் தண்ணீரிலும் பாதி ஏணியிலுமாக ஊசலாடினார்.

பயிற்சியாளர் விடுவித்து, கயிற்றை மடக்கி உடம்போடு ஒட்டினாற்போல் மாட்டிவிட்டார். "இனிமே எங்கயும் போகாது."

மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. பயிற்சியாளர் அந்தப் பக்கம் திரும்பியதும், ஒளித்து வைத்திருந்த நைலான் கயிற்றால் டார்ச்சைத் தோள்வாரோடு சேர்த்து ஒன்பது முடிச்சுப் போட்டார். தண்ணீருக்குள் போனதும் வெளிச்சம் அவர் மோவாயில்தான் அடித்தது. மீன்கள் வந்து வேடிக்கை பார்த்தன.

கடலடியில் மூழ்கிக் கிடந்த ஒரு பழைய கப்பலின் ஜன்னலில் அந்தக் கயிறு சிக்கியது. இழுத்தார், இன்னும் இறுகியது. பயிற்சியாளர் கத்தியை எடுத்தார். மாப்பிள்ளை டார்ச்சைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தண்ணீருக்கடியில் அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பயிற்சியாளர் ஒன்பது முடிச்சையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அதற்குள் காற்று மீட்டரின் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது.

"என் மானத்தைக் காப்பாத்துனீங்க சார். எத்தனை நன்றி சொன்னாலும் தகும்," என்றார் மேலே வந்ததும்.

"நான் காப்பாத்துனது உங்க உயிரை," என்றார் பயிற்சியாளர்.

சாயங்காலம் டார்ச்சை ஈரம் போகத் துடைத்து, இரண்டு கையாலும் மாமனாரிடம் நீட்டினார். "ஒரு கீறல்கூட இல்ல மாமா. என்னையும் நம்பிக் கொடுத்தீங்களே, சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

மாமனார் டார்ச்சைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சமையலறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். "பழசு கையில இருக்கற வரைக்கும் புது டார்ச் வாங்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன் மாப்பிள்ளை. எப்படியும் தொலைச்சுட்டு வருவீங்கன்னு உங்களைத்தான் மலைபோல நம்பியிருந்தாரு."