உள்ளிருந்து தாழிட்ட கதவு

பழைய வீரர்களைப் போற்றாத ஊர் ஊரே அல்ல. போற்றுகிற அளவுக்கு வீரம் கைவசம் இல்லாதபோது, அதைத் தயாரித்தாவது போற்றுகிற ஊர்தான் மேலான ஊர். அந்த வகையில் எங்கள் 'கடற்படைப் பாரம்பரிய நினைவுக் குழு' ஆற்றிய தொண்டுக்கு ஈடு இணை கிடையாது. குழுவின் செயலாளர் என்ற முறையில் அதை உள்ளது உள்ளபடி எழுதி வைக்கிறேன். பின்னால் வருகிறவர்கள் மாற்றி எழுதிவிடக் கூடாது. மாற்றுவதற்கு நாங்களே போதும்.

எங்கள் துறைமுகத்தில் ஒரு பழைய போர்க்கப்பல் இருந்தது. ஒருமுறை நடுக்கடலில் அதன் கொதிகலன் அறை தீப்பிடித்தது. தீ மற்ற அறைகளுக்குப் பரவாமல் கப்பல் கரை சேர்ந்தது. கேப்டனுக்குப் பதக்கம் கிடைத்தது. கொதிகலன் அறையில் வேலை செய்த ஐந்து பேருக்கு அது கிடைக்கவில்லை. வாங்கிக்கொள்ள அவர்கள் வரவில்லை. அதற்குப் பதிலாக அவர்களுக்கு ஒரு வாக்கியம் கிடைத்தது: 'கப்பலைக் காக்க, கதவை உள்ளிருந்து தாங்களே தாழிட்டுக்கொண்ட தியாகச் செம்மல்கள்.' பள்ளிக்கூடப் பாடத்தில்கூட இருக்கிறது. நானும் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

கப்பலுக்கு வயதாகி, உடைக்கிற இடத்துக்குப் போனது. அங்கே அதைத் துண்டு போட்டபோது, எங்கள் தலைவர் ஓடிப்போய் அந்தக் கதவை மட்டும் வாங்கி வந்தார். தலைவர் டைல்ஸ் வியாபாரி. கடலைப் பற்றி அவருக்கு ஆழ்ந்த ஞானம்: அலைபோல நெளிகிற டைல்ஸ் அவர் கடையில் மட்டும்தான் கிடைக்கும். கடற்படைத் தொப்பி ஒன்று வாங்கி வைத்திருந்தார். கூட்டத்துக்குக் கூட்டம் அது ஏறும். கூட்டம் முடிந்தால் இறங்கும்.

கதவு அவருடைய குடோனில் சாய்த்து வைக்கப்பட்டது. ஆள் உயர இரும்பு. குழு உறுப்பினர்கள் சுற்றி நின்று பெருமூச்சு விட்டார்கள். அப்போதுதான் ஒரு 'சிறு தொழில்நுட்பச் சிக்கல்' தெரியவந்தது. தாழ் வெளிப்பக்கத்தில் இருந்தது. நடைவழிப் பக்கத்தில் கைப் பருமனுக்கு ஓர் இரும்புப் பிடி. கொதிகலன் பக்கத்தில் பிடி இல்லை, கொக்கி இல்லை, ஓர் ஆணிகூட இல்லை. பள்ளங்கள் மட்டும் இருந்தன. கனமான ஸ்பானரால் மறுபடி மறுபடி அடித்தால் விழுகிற மாதிரிப் பள்ளங்கள்.

"இதென்ன, துருவா?" என்றார் பொருளாளர்.

"பழமையின் தழும்பு," என்றார் தலைவர்.

"அடிச்ச தழும்பு," என்றது ஒரு குரல்.

வாசலில் சுத்தியலக்கா நின்றிருந்தார். கப்பலின் வெளிப்பக்கத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு சுத்தியலால் துருவைக் கொத்தி எடுக்கிற வேலை அவருக்கு. இருபது வயதிலிருந்து அதுதான். காது பாதி போய்விட்டது. குரல் முழுசாக இருந்தது. அந்த ஐந்து பேரில் வயதில் இளையவன் அவருடைய தம்பி. நாங்கள் கட்டிய நினைவு மண்டபத்தின் திறப்பு விழாவில் 'தியாகியின் குடும்பத்தார்' என்ற இடத்தை நிரப்ப நாங்கள்தான் அழைத்திருந்தோம்.

"வாங்கம்மா. விழாவுல ரிப்பன் வெட்டப்போறது நீங்கதான்," என்றார் தலைவர், தொப்பியைச் சரிசெய்தபடி.

"வெட்டுறேன். ஒண்ணே ஒண்ணு. கதவு கப்பல்ல எப்படி இருந்துச்சோ அப்படியே மாட்டணும். தாழ் வெளிப்பக்கம். வர்றவங்க கண்ணுல அது படணும்."

"எதுக்கும்மா அது?"

"என் தம்பி தானாப் போய் செத்தான்னு எழுதி வெச்சிருக்கீங்க. அவன் எதுக்குச் சாகணும்? அடுத்த மாசம் அவனுக்குக் கல்யாணம். சட்டைக்கு அளவு குடுத்துட்டுக் கப்பல் ஏறினவன்யா."

"உங்க தம்பி தியாகின்னா உங்களுக்குத்தானே பெருமை?"

"அவன் தியாகி இல்லைங்க. பாய்லர் ஆளு. சூடு தாங்காம வெளிய வந்து தண்ணி குடிக்கிறவன். தாழ் எந்தப் பக்கம் இருக்குன்னு நீங்களே பாருங்க."

குழு பார்த்தது. பார்த்துவிட்டு, "ஆவன செய்யப்படும்" என்று ஒருமனதாகச் சொன்னது. அக்கா போன பிறகு ஆவன செய்ய உட்கார்ந்தது.

தலைவருக்கு யோசனை உதிக்க டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. "தாழ் வெளிய இருக்கு. கதவைத் திருப்பி மாட்டினா?"

"உள்ள வந்துடும்," என்றார் பொருளாளர்.

"வரலாறு என்ன சொல்லுது?"

"உள்ளேன்னு சொல்லுது."

"அப்ப வரலாறு சரி. கதவுதான் தப்பு. திருத்திடுவோம்."

கைதட்டல் எழுந்தது. மூலையில் நின்ற கொத்தனார் மட்டும் தலையைச் சொறிந்தார். "சார், கீல் ஒரு பக்கம்தான் இருக்கு. திருப்பினா தலைகீழாத்தான் மாட்ட முடியும்."

"வரலாறு தலைகீழாகிறது புதுசாய்யா? மாட்டு."

"தாழ்ப் பிடியும் தலைகீழாயிடும் சார். விழுந்தா வெயிட்டுக்குத் தானா இறுகும்."

"இறுகட்டும். தியாகம்னா உறுதியா இருக்கணும்."

மாட்டினார்கள். திருப்பியதில் பள்ளமான பக்கம் பார்வையாளர் பக்கம் வந்துவிட்டது. பட்டி பூசி, தேய்த்து, சாம்பல் நிற பெயின்ட் அடித்தார்கள். கன்னம்போல வழவழவென்று ஆயிற்று. கதவுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. சிவப்பு பல்பு. நாடகக் குழுவிடம் வாடகைக்கு எடுத்த புகை மிஷின். பெயர்: 'கொதிகலன் அனுபவம்'.

விழா நாள். பேண்டு முழங்கியது. சிறப்பு விருந்தினர், பதக்கம் வாங்கிய அதே கேப்டன். தள்ளாத வயதிலும் முதுகு வளையவில்லை. பேச வசதியாகச் சட்டைக் காலரில் ஒரு மைக் மாட்டியிருந்தோம்.

சுத்தியலக்கா வந்து கதவைப் பார்த்தார். தாழ் இல்லை. பள்ளமும் இல்லை. கையால் ஒருமுறை தடவினார்.

"என்ன செயலாளரே, ஆவன செஞ்சிட்டீங்க போலிருக்கு."

"பாரம்பரியத்துக்கு ஏற்ப..." என்று தொடங்கினேன்.

"உன் அப்பன் எங்ககூட மூட்டை தூக்கினவன்டா. அவன் இருந்தா உன் வாயில பட்டி பூசியிருப்பான்."

இதைக் குறிப்பேட்டில் 'தியாகியின் குடும்பத்தார் நெகிழ்ச்சியுடன் வாழ்த்தினார்' என்று பதிவு செய்தேன்.

நிகழ்ச்சி நிரலின் சிகரம் 'தியாக நிமிடம்'. கேப்டன், தலைவர், பொருளாளர், குழுவின் மற்ற உறுப்பினர்கள் எல்லோரும் உள்ளே போவார்கள். கேப்டன் தன் பொற்கரத்தால் தாழிடுவார். ஒரு நிமிடம் மௌனம். பிறகு திறந்து வெளியே வருவார்கள். பேண்டு வாசிக்கும். வெளியே நிற்கும் பொறுப்பு எனக்கு.

போனார்கள். கதவைச் சாத்தினார்கள். 'டங்' என்று பிடி விழுந்தது. புகை மிஷின் உறுமியது. கூட்டம் தலைகுனிந்தது.

நிமிடம் முடிந்தது. கதவு திறக்கவில்லை. தியாகம் கொஞ்சம் நீண்டுகொண்டிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் ஒலிபெருக்கியில் கேப்டனின் குரல் வந்தது. மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"பிடி வரமாட்டேங்குதுய்யா!"

"மேல தூக்குங்க சார்!" இது தலைவர்.

"தூக்குறேன்யா, இறுகிப்போச்சு! புகையை நிறுத்தச் சொல்லு! மூச்சு முட்டுது!"

எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடிப்போய்ப் புகை மிஷினின் ஒயரைப் பிடுங்கியவர் சுத்தியலக்காதான். உள்ளே போன புகை உள்ளேயே இருந்தது. தட்ட ஆரம்பித்தார்கள். முதலில் கையால். பிறகு கண்காட்சிக்கு வைத்திருந்த ஸ்பானரால். ஒவ்வோர் அடிக்கும் கதவு அதிர்ந்தது. வெளிப்பக்கத்துப் பட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு பள்ளம் தெரிந்தது. இன்னொன்று. பேண்டுக்காரர்கள் வாத்தியத்தை இறக்கிவிட்டார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "ஐயோ, இவ்வளவு அடிச்சிருக்காங்களா" என்றாள்.

"கீலை உடைக்கணும்," என்றார் கொத்தனார். "ஆனா ஆர்டர் இல்லாம நான் கை வைக்க மாட்டேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காட்சிப் பொருளைச் சேதப்படுத்தக் குழுவின் தீர்மானம் வேண்டும். என்னைத் தவிரக் குழு முழுவதும் உள்ளே இருந்தது. கதவில் வாயை வைத்து, "தலைவரே, தீர்மானத்தை முன்மொழியறது யாரு?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது. எழுத்தில் பதிவு செய்ய இயலாதது.

சுத்தியலக்கா கொத்தனார் பையிலிருந்து சுத்தியலையும் உளியையும் எடுத்தார். கீலில் உளியை வைத்து அடிக்க ஆரம்பித்தார். அடித்துக்கொண்டே பேசினார்.

"கேப்டனய்யா, பயப்படாதீங்க, எடுத்துடறேன். ஆமா, நீங்களே தாழ் போட்டுக்கிட்டீங்க, அப்புறம் எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க?"

"எந்தப் பைத்தியக்காரன் புகைக்குள்ள தானா தாழ் போட்டுக்குவான்? திறம்மா!"

"என் தம்பி போட்டுக்கிட்டானாமே?"

"அவன் போடலம்மா! நான்தான் வெளிய போடச் சொன்னேன்! கப்பலைக் காப்பாத்த வேணாமா? சீக்கிரம்!"

ஒரு கீல் தெறித்து விழுந்தது.

"தட்டினாங்களா?"

"தட்டினாங்க! ரொம்ப நேரம் தட்டினாங்க!"

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

ஒரு நொடி சுத்தியல் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக அடித்தார். இரண்டாவது கீலும் போனது. கதவை நாலு பேர் சேர்ந்து சாய்த்தார்கள். கேப்டன் இருமிக்கொண்டே வந்து தரையில் உட்கார்ந்தார். அக்கா ஒரு பாட்டில் தண்ணீரை அவர் கையில் கொடுத்தார். "குடிங்க. வெளிய வந்தா இதைத்தான் அவனும் கேட்பான்," என்று சொல்லிவிட்டு, ரிப்பன் வெட்டாமலே போய்விட்டார்.

அடுத்த நாளே குழு அவசரமாகக் கூடியது. இவ்வளவு சுறுசுறுப்பை நான் எங்கள் குழுவில் கண்டதில்லை. மாண்புமிகு விருந்தினர்கள் அறைக்குள் சிக்கியது எப்படி என்று ஆராய விசாரணைக் குழு அமைந்தது. அறிக்கை அந்த வாரமே வந்தது. அதன்படி, வருங்கால விருந்தினர்கள் யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற உயரிய நோக்கத்தோடு, கதவு நேராகத் திருப்பி மாட்டப்பட்டது. தாழ் இப்போது வெளிப்பக்கம் இருக்கிறது. பள்ளங்கள் உள்பக்கம் இருக்கின்றன. சுத்தியலக்கா கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. யாருக்காகக் கேட்டாரோ அவனுக்காக அல்ல, அவ்வளவுதான். பக்கத்துப் பலகையில் அந்தப் பழைய வாக்கியம் பொன்னெழுத்தில் அப்படியே மின்னுகிறது. பார்க்க வருகிற பிள்ளைகள் பலகையைப் படிக்கிறார்கள், தாழைப் பார்க்கிறார்கள், ஆசிரியரைப் பார்க்கிறார்கள். ஆசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஆனாலும் எங்கள் குழுவைக் குறைத்து எடைபோடாதீர்கள். கடற்படையால் முடியாததை நாங்கள் முடித்துக் காட்டினோம். அந்தக் கதவுக்குப் பின்னால் மாட்டிய அத்தனை பேரும் எங்கள் விழாவில் உயிரோடு வெளியே வந்தார்கள். கப்பலிலும் தட்டிய சத்தம் எல்லோருக்கும் கேட்கத்தான் செய்தது. திறந்துவிடுகிற அளவுக்கு உள்ளே யாருக்கும் பதவி இல்லை.