நெட்டுக்குத்தாக மாட்டிய டிவி

படம் ஓட்டுவது பெரிய வித்தையே இல்லை, நிறுத்தத் தெரிய வேண்டும். இதை நான் ஒரு ஜெர்மன்காரர் முன்னால் கற்றுக்கொண்டேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவள் என்பதால், ஆபீஸில் மின்சாரம் பாயும் எதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். (எனக்குத் தெரிந்தது எக்செல் மட்டும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

ஜெர்மனியிலிருந்து துணி வாங்கும் பையர் வருகிறார் என்று முதலாளி பெரிய எல்சிடி டிவி வாங்கி, சுவரில் நெட்டுக்குத்தாக மாட்டச் சொன்னார்.

"சார், டிவின்னா அகலவாக்குலதான் இருக்கும்."

"ஏங்கண்ணு, ஆளு நின்னுக்கிட்டுத்தான துணி போடறாங்க? படுத்துக்கிட்டா போடறாங்க?"

கூட வேலை பார்த்த செல்வியை எங்கள் நைட் டிரஸ்களில் நடக்கவைத்து, கேமராவைச் சாய்த்துப் பிடித்து எடுத்தேன். லேப்டாப்பை டிவியோடு இணைத்து, செட்டிங்கில் திரையையும் திருப்பிவிட்டேன். டிவியில் செல்வி ஆளுயரத்துக்கு நின்றாள். முதலாளிக்கு ஒரே பெருமை.

பையர் வந்தார். படம் ஓடியது. செல்வி நடந்தாள், திரும்பினாள், போய்விட்டாள். திரையில் அடுத்து வந்தது நான்!

கேமரா ஓடிக்கொண்டிருந்தது தெரியாமல், செல்வியைச் சிரிக்கவைக்க முதலாளி மாதிரி நடந்து காட்டியிருக்கிறேன். வயிற்றை முன்னால் தள்ளி, ஒரு காலை இழுத்து, "ஏனுங்க, ஷிப்மெண்ட் போயிருச்சுங்களா? இல்லீங்களா? அப்ப நான் போயிரட்டுங்களா?"

நிறுத்த மவுஸைப் பிடித்தேன். மவுஸை மேலே தள்ளினால் அம்பு பக்கவாட்டில் ஓடுகிறது. லேப்டாப்பில் படம் படுத்துக் கிடக்க, கழுத்தைச் சாய்த்துத் தேடினேன். ஒருவழியாகப் பொத்தான் வரிசை வந்தது. ஆனால் அகலத் திரைக்குச் செய்த வரிசை அது. இந்த ஒடுங்கிய திரையில் இடம் போதாமல், நிறுத்தும் பொத்தானும் சத்தம் குறைக்கும் பொத்தானும் வலது ஓரத்துக்கு வெளியே போய்விட்டிருந்தன. (ஸ்பேஸ் பாரைத் தட்டினாலே நின்றிருக்குமாம். மறுநாள் சொன்னார்கள்.)

பாய்ந்துபோய் டிவி பிளக்கைப் பிடுங்கினேன். படம் போனது. லேப்டாப்போடு இணைத்திருந்த ஸ்பீக்கர் மட்டும் கணீரென்று, "அப்ப நான் போயிரட்டுங்களா?"

பையர் முதலாளியைப் பார்த்து, "உங்கள் மகளா?" என்றார். அச்சு அசலாக இருந்ததாம்.

முதலாளி என்னையே பார்த்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். மெதுவாகக் கேட்டார், "ஏங்கண்ணு, நான் அப்படியா நடக்கறேன்?"

அவர் மனைவி அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப்போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

என் கல்யாண ரிசப்ஷனுக்கு முதலாளி வந்தார். மேடைப் படியில் என்னைப் பார்த்தார். வயிற்றைத் தள்ளி, ஒரு காலை இழுத்து, நான் காட்டியதைவிடப் பிரமாதமாக நடந்து வந்தார். நான் மாலையோடு குலுங்கிச் சிரிக்க, என் மாமியார் பதறிப்போய் நாற்காலி கொண்டுவரச் சொல்லி, "பாவம், கால் முடியாத மனுஷனைப் பாத்து ஒரு பொண்ணு இப்படியா சிரிப்பா?" என்றார்.

விளக்கம் சொல்லியாயிற்று. மாமியார் இன்னும் நம்பவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் காபியே கொடுக்கிறார்.