காட்டெருமைத் துவக்குக்கு ஒரு மவுண்ட்

ஆராய்ச்சிக்காரர் என்றோர் இனம் உண்டு. பல்கலைக்கழகங்களில் தேடாதீர்கள், அங்கே இருக்காது. நம்மாட்கள் குடியேறிய பனிநாட்டில், ரூஜ் பக்கம், புது வீட்டு பேஸ்மெண்டில், கணினிக்கு முன்னால் குந்தியிருக்கும். கோணேஸ்வரன் அந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஆண்.

ஆபிரிக்காவுக்குப் போய்க் காட்டெருமை சுடுவதென்று அவர் தீர்மானித்திருந்தார். லைசென்ஸ் எடுத்தாயிற்று, யானையையே உட்காரவைக்கும் தடித்த குண்டுத் துவக்கும், குறி பார்க்க ஸ்கோப்பும் வாங்கியாயிற்று. ஸ்கோப்பைத் துவக்கின் முதுகில் இறுக்கிப் பிடிக்கும் மவுண்டில்தான் மனிதர் சிக்கிக்கொண்டார். உருக்கா, அலுமினியமா? திருகாணியால் ஒரேயடியாக முடுக்கிவிடுவதா, எருமை கிட்ட வந்தால் சட்டென்று கழற்றக்கூடியதா? கலியாண வீட்டில் சாப்பாட்டுக் கோப்பையோடு நின்றவர்களை மறித்து, துவக்கு பின்னுக்கு உதைக்கும் விசையை விளக்கினார். செத்தவீட்டில் குரலைத் தாழ்த்தி விளக்கினார். நாகரிகம் தெரிந்தவர்.

"அந்த எருமை கிழண்டு தானாச் செத்துப்போகுமப்பா," என்றாள் மனைவி நிசாந்தினி.

கூடப் போகவிருந்தவன் பஸ்ரியன். வருடா வருடம் வடக்கே மான் வேட்டைக்குப் போகிறவன். "எதையாவது பூட்டுங்கோ அண்ணை, ஒருக்காச் சுட்டுப் பாப்பம்."

"எதையாவதோ? தம்பி, இது உயிர் விசயம்!"

கடைசியில் ஒரு மவுண்ட் தேறியது. உருக்கு. கோணேஸ்வரன் தன் கையாலேயே பூட்டினார். சுடும் திடலில் அவர் துவக்கைத் தோளில் வைத்ததுமே பஸ்ரியன் கிட்ட ஓடிவந்தான்.

"அண்ணை, ஸ்கோப் கண்ணுக்கு நல்லாக் கிட்ட நிக்குது. முன்னுக்குத் தள்ளிப் பூட்டுங்கோ."

"உனக்கு உந்த மவுண்டின்ர கணக்கு விளங்காது."

சுட்டார். துவக்கு பின்னுக்குப் பாய்ந்தது, ஸ்கோப்பும் கூடவே பாய்ந்தது. அதன் விளிம்பு புருவத்தைப் பிறை வடிவில் கிழித்தது. முகமெல்லாம் இரத்தம். பஸ்ரியன் சட்டையைக் கழற்றி அழுத்திப் பிடித்தான்.

"மவுண்ட் அசைஞ்சதோ?" என்று கேட்டார் கோணேஸ்வரன்.

"இல்லை அண்ணை."

"பாத்தியே!"

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். கண் தப்பியது என்று டாக்டர் சொன்னதும் நிசாந்தினி முதலில் அழுதாள். பிறகு, அங்கே கிடந்த மற்ற நோயாளிகளுக்கும் கேட்கும்படி ஏசினாள். பஸ்ரியன் தனியே ஆபிரிக்கா போய், எருமை சுட்டு, வெயிலில் கறுத்துத் திரும்பினான். கோணேஸ்வரன் போகவில்லை. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை அவர் இப்போதுதான் ஆராயத் தொடங்கியிருக்கிறார். அவசரப்படக் கூடாதாம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அதற்குமுன், எந்த ஏர் ஃபிரையர் நல்லதென்று தேடியதில் போன மாரியிலிருந்து உங்கள் போனில் திறந்தே கிடக்கும் பக்கங்களை ஒவ்வொன்றாக மூடிவிடுங்கள்.